மாத்திரைப் பெட்டியில் தொடங்குங்கள்

தொழிலாளர் ஆரோக்கியத் திட்டம் என்றதும் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு நினைவுக்கு வருவது மருத்துவ முகாம். ஷாமியானா, இரண்டு நர்ஸ், பி.பி. பார்க்கும் கருவி, வாசலில் ஒரு ஃபிளெக்ஸ். பையர் ஆடிட்டுக்கு வரும்போது ஃபைலில் காட்டப் போட்டோ கிடைத்துவிடும். திருப்பூரில் அப்படி ஒரு முகாம் முடிந்த சாயங்காலம், செக்கிங்கில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் அக்கா ஒருவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேனுங்க சார், நல்லாருந்துச்சு" என்றார். முகாமில் அவருக்குக் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான்.

பனியன் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்த்தவன் நான். முகாமும் யோகா தினமும் நானே நடத்தியிருக்கிறேன். ஐம்பது பேரிலிருந்து ஐந்நூறு பேர் வரை வேலை செய்யும் யூனிட்டுக்கு என்ன செய்யலாம் என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன். இதில் வரிசைதான் முக்கியம். பலர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, பலன் இல்லை என்று கையை விரிக்கிறார்கள்.

முதலில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. அதனால் பெட்டி எல்லா இடத்திலும் இருக்கும். எது காலி, எது அப்படியே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் காயத்துக்கான மருந்துப் பாட்டில் சீல்கூட உடையாமல் இருந்தது. தலைவலி மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, வலி தைலம் மூன்றும் வாரா வாரம் தீர்ந்தன. எங்கள் ஆட்கள் ஊசி குத்திக் காயம்பட்டுச் சிரமப்படவில்லை, தினமும் வலியோடு வேலை செய்கிறார்கள் என்று பெட்டியே சொன்னது.

பெட்டியோடு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். யார் வாங்கினார்கள் என்று எழுத வேண்டாம். எந்த செக்‌ஷன், எத்தனை மணி, என்ன தொந்தரவு, என்ன மாத்திரை என்ற நாலு விவரம் போதும். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். எங்கள் நோட்டில் தலைவலியெல்லாம் காலை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே வந்தது. கழுத்தும் முதுகும் நாலு மணிக்கு மேல். கிறுகிறுப்பு என்று வந்தவர்களில் பெரும்பாலோர் அயர்னிங் ஆட்கள். பத்தரை மணித் தலைவலிக்குக் காரணம் தேட டாக்டர் தேவைப்படவில்லை. எட்டரைக்கு வேலைக்கு வருகிறவர் வீட்டில் சமைத்து, பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து, தான் சாப்பிடாமல் கம்பெனி வேனில் ஏறியிருப்பார். வெறும் வயிற்றில் வலி மாத்திரையும் நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகளை சூப்பர்வைசர்களே கொடுக்கிறார்கள் என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு பெண்களிடம் பேசிச் செய்தி வெளியிட்டது. படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. உங்கள் யூனிட்டில் பட்டையிலிருந்து பிரித்த மாத்திரை ஏதாவது டப்பாவில் கிடந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும் பட்டையைத் தவிர வேறெதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. மாத்திரை கொடுக்கும் வேலையை முதலுதவிப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள். லைன் சூப்பர்வைசர் அதைத் தொடக் கூடாது. புரொடக்‌ஷன் கணக்கு கையில் இருப்பவருக்கு எல்லா வலியும் ஒரு மாத்திரையில் தீர்கிற வலியாகத்தான் தெரியும்.

அடுத்து, கேளுங்கள்

செக்‌ஷனுக்கு ஒருவராக ஆறேழு பேர் கொண்ட சின்னக் குழு அமையுங்கள். பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் அவர்களில் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆளை நீங்கள் பொறுக்காதீர்கள், அந்தந்த செக்‌ஷனே சொல்லட்டும். 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் தளத்திலேயே பிரச்சினைகளைக் கவனிக்கத் தொழிலாளர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்து நியமித்தது. அது பாலியல் தொந்தரவைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனாலும், மேலே இருந்து இறக்கப்பட்ட ஆளிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற பாடம் இதற்கும் பொருந்தும்.

கூட்டத்தை ஆபீஸ் ரூமில் வைக்காதீர்கள். ஏ.சி.யும் சுழல் நாற்காலியும் பார்த்தால் 'ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க சார்' என்ற பதில் மட்டும்தான் வரும். டீ டைமில், டீ குடிக்கிற இடத்தில் நின்றுகொண்டே கேளுங்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உடம்பில் எந்த இடம் வலிக்கிறது? வேலை நேரத்தில் எதைச் செய்யத் தயக்கமாக இருக்கிறது? கையில் காசு இருந்தால் இந்த ஹாலில் முதலில் எதை மாற்றுவீர்கள்? மூன்றும் போதும். இரண்டாவது கேள்விக்குத்தான் நான் எதிர்பார்க்காத பதில் வந்தது.

தண்ணீரும் கழிப்பறையும்

பதில் சொன்னவர் ஓவர்லாக் ஓட்டும் அக்கா. "நா எங்கீங்க தண்ணி குடிக்கிறது? குடிச்சா போகோணும். போயிட்டு வர்றதுக்குள்ள என் மிஷினுக்கு முன்னால பீஸ் மலையாட்டம் சேந்துரும். அப்பறம் அந்தாளு கத்துவாரு." மறுநாள் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் லைனில் நடந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தேன். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டில்களில் பெரும்பாலானவை கழுத்துவரை அப்படியே இருந்தன. நீர்க்கடுப்பு, தலைவலி, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். வேர் அந்தப் பாட்டிலில் இருந்தது.

ஆகவே இதுதான் திட்டத்தின் நடு வேலை. பணம், நேரம், கவனம் மூன்றையும் இங்கே தாராளமாகப் போடுங்கள்.

கழிப்பறைக்கு டோக்கன் இருந்தால் எடுத்துவிடுங்கள். போய்வரும் நேரம் எழுதும் ரிஜிஸ்டர் இருந்தால் அதையும். பிறகு நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள், பெண்கள் பக்கத்துக்குப் பெண் அதிகாரி போகட்டும். தாழ்ப்பாள் விழுகிறதா, பல்பு எரிகிறதா, குழாயில் மூன்று மணிக்கும் தண்ணீர் வருகிறதா, மக் இருக்கிறதா, நாப்கின் போட மூடி வைத்த கூடை இருக்கிறதா? காலையில் ஒருதரம் கழுவினால் போதாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டும், கழுவுகிறவருக்குக் கையுறையும் பூட்ஸும் வேண்டும். அவரும் உங்கள் தொழிலாளிதான், பல கம்பெனிகளின் ஆரோக்கியத் திட்டத்தில் அவர் பெயரே இருக்காது.

லைனுக்கு ஒரு ரிலீவர் போடுங்கள். எல்லா மிஷினும் ஓட்டத் தெரிந்த டைலர் ஒருவர், யாராவது எழுந்து போனால் அந்த மிஷினில் உட்காருவார். பீஸ் தேங்காது, சூப்பர்வைசர் கத்தவும் வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு சம்பளமா என்று முதலாளி முகம் சுளிப்பார். லீவு போட்ட டைலருக்குப் பதிலாக அவர் உட்காரும் நாட்களைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஷிப்மெண்ட் தவறி ஒருமுறை சரக்கை ஏரில் அனுப்பிய பில்லையும் பக்கத்தில் வையுங்கள்.

தண்ணீர் வைக்கும் இடம் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்றது அந்தப் பழைய தொழிற்சாலைகள் சட்டம். ஆனால் ஹாலின் ஒரு மூலையில் மட்டும் வைத்தால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். லைனுக்கு நடுவே கேன் வையுங்கள். துணியில் தண்ணீர் பட்டுக் கறையாகும் என்று தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் கூச்சல் போடுவார்கள், இறுக்கமான மூடி போட்ட பாட்டில் கொடுத்தால் தீர்ந்தது. இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டாலும் என் கணக்கில் உங்கள் திட்டம் பாஸ்.

உட்காருவதும் நிற்பதும்

டைலர்கள் உட்காரும் இரும்பு ஸ்டூலைப் பாருங்கள். முக்கால்வாசியில் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்துத் தைத்த ஒரு தலையணை நாடாவால் கட்டியிருக்கும். சிலர் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டியிருப்பார்கள். மிஷினுக்கு ஸ்டூல் உயரம் போதவில்லை என்று அவர்கள் கையாலேயே எழுதிய புகார் அது. முதுகு சாயும் இடத்தோடு, உயரம் ஏற்றி இறக்கும் நாற்காலி வாங்குங்கள். ஒரே வருடத்தில் முடியாவிட்டால் லைன் லைனாக வாங்கலாம். தொடை கிடையாகவும் பாதம் பெடலில் முழுசாகவும் படியும் உயரம் சரியான உயரம். கழுத்து வலி என்று வருபவரின் மிஷின் விளக்கையும் பாருங்கள், வெளிச்சம் போதாததால்தான் குனிகிறார்.

செக்கிங், பிசிர் வெட்டுவது, பேக்கிங் ஆகியவை நின்று செய்யும் வேலைகள். நிற்பவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் அப்போதே சொன்னது. ஜவுளிக்கடைப் பெண்களுக்கு இந்த உரிமை 2021இல்தான் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமாக வந்தது. டேபிளுக்கு இரண்டு உயரமான ஸ்டூல், காலடியில் ரப்பர் மேட், மணிக்கு ஒருதரம் ஆள் மாற்றிக்கொள்வது என்று செய்தால் போதும். பெரிய செலவில்லை. ஸ்டூல் வாங்கி வைத்துவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் சூப்பர்வைசரை அப்படியே விட்டுவைத்தால் மட்டும் பயனில்லை.

சூடு

அயர்னிங் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா, பஞ்சுத் தூசி அடைத்திருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். பெங்களூரு பகுதி ஆடை ஆலைகளில் பழைய ட்யூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டியபோது, வெயில் ஏறிய நாட்களில் உற்பத்தி விழுவது வெகுவாகக் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டார்கள். எல்.இ.டி. விடும் சூடு குறைவு என்பதே காரணம். கரண்ட் பில்லுக்காக மாற்றியது ஆட்களுக்கும் உதவியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் அயர்னிங் ஆட்களுக்கு மோர் கொடுங்கள். கிறுகிறுப்பு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அது கைவசம் இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

டீயும் சாப்பாடும்

காலை டீக்குப் பன்னும் போண்டாவும் கொடுப்பது பழக்கம். பத்தரை மணித் தலைவலிக்காரர்களை நினைத்து நாங்கள் செய்தது, டீ நேரத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, வாரத்தில் மூன்று நாள் சுண்டல், இரண்டு நாள் கம்மங்கூழ், ஒரு நாள் மட்டும் போண்டா. கூழுக்கு முதல் வாரம் கிண்டல் இருந்தது. 'ஊருல குடிக்காததையா இங்க வந்து குடிக்கிறது' என்றார்கள். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்ள வைத்த பிறகு அண்டா காலியானது. வடமாநிலத் தம்பிகளுக்குக் கூழ் பிடிக்கவே இல்லை, அவர்களுக்கு அன்றைக்கும் சுண்டல்தான். போண்டாவை அடியோடு நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு போண்டா யாரையும் கொல்லாது, அதைப் பிடுங்கினால் திட்டத்தின் மீதே கோபம் வரும்.

இப்போது முகாம்

இத்தனையும் ஓரளவு நடந்த பிறகு பரிசோதனைக்கு வாருங்கள். கண்டதையெல்லாம் சோதிக்கும் பேக்கேஜுக்குப் பணம் கொட்டாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், வெள்ளெழுத்து என்ற நாலும் போதும்.

ஹீமோகுளோபின் ஏன் என்றால், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: டீயோடு விழுங்காதீர்கள், இரண்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பனியன் கம்பெனியில் மாத்திரை விழுங்கத் தோதான நேரம் டீ டைம்தான் என்பதால் இதைச் சொல்லாவிட்டால் பாதி மாத்திரை வீண்.

வெள்ளெழுத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டிய டைலர் ஊசியில் நூல் கோக்கும்போது கவனியுங்கள். தலையைப் பின்னால் இழுத்து, கண்ணைச் சுருக்கி, இரண்டுதரம் தவறவிட்டு, கடைசியில் பக்கத்து மிஷின் பெண்ணிடம் 'கண்ணு, இதக் கோத்துக் குடு' என்பார். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு. அசாமில் நாற்பது வயதைத் தாண்டிய தேயிலை பறிப்பவர்களுக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து நடத்திய சோதனை 2018இல் வெளியானது. கண்ணாடி போட்டவர்களின் வேலைத்திறன், போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது. இலை பறிப்பதற்கே அப்படியென்றால் ஊசிமுனையில் செய்யும் வேலைக்கு யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் செய்த தப்பு. முன்பு ஒரு கம்பெனியில் முகாம் முடிந்ததும், சர்க்கரை இருப்பதாக வந்த பதினொரு பேரின் பெயரை எழுதி, 'மதியம் 2 மணிக்கு ஆபீஸுக்கு வரவும்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். நல்ல எண்ணம்தான். அன்று சாயங்காலமே கட்டிங் மாஸ்டர் ஒருவரை ஹால் முழுக்க 'சுகரு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த முகாமில் பாதிப் பேர் ரத்தம் கொடுக்க மறுத்தார்கள், எனக்கு வாயடைத்துப் போனது.

அதனால் ரிசல்ட் மூடிய கவரில் அவரவர் கைக்கு மட்டும் போகட்டும். எச்.ஆருக்கு வேண்டியது எண்ணிக்கை, பெயர் தேவையில்லை. கர்ப்பப் பரிசோதனை எந்தக் காரணத்துக்காகவும் பட்டியலில் வரக் கூடாது. வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள்.

கவரைக் கொடுத்த பிறகு என்ன? டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினால் ஒரு நாள் கூலி போகும், எனவே போக மாட்டார்கள். சம்பளத்தோடு அரை நாள் விடுங்கள். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆலைகளுக்கும் வருகிறது, பி.பி., சர்க்கரைப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று வட்டார சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. தொழிலாளி 0.75, கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. கட்டுவதோடு சரி, அதில் என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு சரியில்லாமல் டாக்டர் சான்றிதழோடு வீட்டில் இருந்தால், முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாள் பணம் கட்டியிருக்கும் பட்சத்தில், சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள்வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் வராது. இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து டீ குடிக்கும் இடத்தில் ஒட்டுங்கள். ஊரில் குடும்பத்தை விட்டு வந்தவர்கள், அங்கேயே குடும்பம் சிகிச்சை பெறவும் பதிந்துகொள்ளலாம். அந்த வேலையை உங்கள் டைம் ஆபீஸ் செய்து கொடுக்கட்டும்.

பேசத் தயங்கும் இரண்டு விஷயங்கள்

முதலாவது ஒன்றரை ஷிப்ட். வாரம் முழுக்கக் காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போகிறவருக்குச் சுண்டல் கொடுத்து உடம்பைத் தேற்ற முடியாது. ஷிப்மெண்ட் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் வருடம் பூராவும் நெருக்கடி என்றால் அது பிளானிங் கோளாறு. மாதத்தில் எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வேண்டாம் என்பவரை விடுங்கள். இரவு முழுக்கத் தைத்தவரை மறுநாள் காலை மிஷினில் உட்கார வைக்காதீர்கள். கூடுதல் நேரமில்லாமல் குடும்பம் ஓடாது என்று அவர்களே கேட்பார்கள். அங்கே பிரச்சினை சம்பளத்தில் இருக்கிறது. அதை யோகா வகுப்பு தீர்க்காது.

இரண்டாவது கத்தல். சூப்பர்வைசர்களுக்கு ஆள்மேய்க்கும் பயிற்சி யாரும் கொடுத்ததில்லை, தாங்கள் வாங்கிய வசவைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். திட்டத்தின் முதல் பயிற்சி வகுப்பு அவர்களுக்குத்தான் நடக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 2013ஆம் வருடச் சட்டப்படி உள்புகார்க் குழு கட்டாயம், அதில் யார் யார் என்று தைக்கிற பெண்ணுக்குத் தெரிய வேண்டும். மனசு சரியில்லாதவர்களுக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் இந்தியிலும் பேசலாம். அதைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடிகிற ஒரே இடம் அதுதான்.

பலனை எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவில் பி.ஜேஸ் என்ற கடைத்தொடரின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. உணவு, உடற்பயிற்சி வகுப்புகள் நடந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்கிறோம் என்று சொன்னவர்கள் கூடினார்கள். 18 மாதம் கழித்தும் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், லீவு நாட்கள், மருத்துவச் செலவு எதிலும் சொல்லும்படி வித்தியாசமில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களிடம் நடத்திய சோதனையில் இன்னொன்று தெரிந்தது: வகுப்புக்குத் தானாக வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக உள்ளவர்கள். நம் யோகா தினத்திலும் முன்வரிசையில் பாய் விரிப்பது ஆபீஸ் ஸ்டாஃப்தானே.

எனவே எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எண்ணாதீர்கள், எடைக் குறைப்புப் போட்டி வைத்து எவரையும் மேடையில் நிறுத்தாதீர்கள். மதியம் பாட்டில்களில் மிச்சமிருக்கும் தண்ணீர், ஷிப்ட் நடுவே வீட்டுக்குப் போனவர்கள், திங்கட்கிழமை ஆப்சென்ட், மாத்திரைப் பெட்டி நோட்டு ஆகிய நாலையும் மாதம் ஒருதரம் எழுதுங்கள். ஆரம்பத்தில் நோட்டில் எண்ணிக்கை கூடும். பயமில்லாமல் வந்து கேட்கிறார்கள் என்று அர்த்தம், பதறாதீர்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் படித்து, அடுத்து எதை மாற்றுவது என்று சொல்லட்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளால் விதிகளும் எண்களும் மாறிவருகின்றன, உங்கள் கன்சல்டன்டிடம் வருடா வருடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டை எச்.ஆரிடம் கொடுத்து வைக்க வேண்டாம். நாங்கள் இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம். ஸ்டோர் கீப்பரிடம் கொடுங்கள்.